வண்ணத்துப்பூச்சிக்கு வெந்நீர்

காரின் த்ராட்டில் பாடிக்குள் எஞ்சினின் வெந்நீர் ஓடும் சிறு குழாய்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால் எஞ்சினுக்குப் பலம் கூடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த வெந்நீர் அங்கே எதற்காகப் போனது என்பது அதைவிட ருசியான கதை.

த்ராட்டில் தகட்டுக்கு பிரெஞ்சில் 'பப்பியோன்' என்று பெயர், வண்ணத்துப்பூச்சி. அதில் பனி பிடிப்பதை 'ழிவ்ராழ்' என்பார்கள். 'ழிவ்ர்' என்றால் உறைபனி. கடலோர ஊரில் பிரெஞ்சு படித்த எங்களுக்கு அது அகராதியோடு நின்றுபோன சொல்.

கையில் பெட்ரோல் பட்டால் ஜில்லென்கிறது அல்லவா? கார்புரேட்டருக்குள்ளும் பெட்ரோல் ஆவியாகிக் காற்றின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. குறுகிய வழியில் பாயும் காற்றின் அழுத்தம் குறைவதாலும் குளிர் கூடும். இத்தாலியரான வெஞ்சுரி இந்தக் குறுகல் பற்றிய தம் ஆய்வை 1797இல் பாரீசில் பிரெஞ்சிலேயே வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கிவிடும். ஆகவே வெளியே 20 டிகிரி இருக்கும் இதமான நாளிலும், ஈரக் காற்றாக இருந்தால் உள்ளே பனி கட்டும்.

காரில் இது நடந்தால் ஓரமாக நிறுத்தலாம். விமானத்தில்? எஞ்சின் அடங்கி விமானம் விழுந்த பிறகு, அந்தச் சூட்டிலேயே பனி உருகிப்போகும். விசாரிக்க வருகிறவர்களுக்குத் தடயமே மிஞ்சாது. செஸ்னா 150 போன்ற சிறு விமானங்களில் இதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் வரும். பனி உருகித் தண்ணீராக உள்ளே போகும்போது எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமும். பயந்துபோய்க் குமிழை உள்ளே தள்ளிவிடக் கூடாது.

ஃபோர்டு மாடல் டியிலேயே வெந்காற்றுக் குழாய் இருந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் புகைச் சூட்டை இன்டேக் குழாய்க்கு அடியில் ஓட்டினார்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சின்களில் வெந்நீரே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இஞ்செக்‌ஷன் வந்தபின் பெட்ரோல் பெரும்பாலும் வால்வுக்குப் பக்கத்தில் பீய்ச்சப்படுகிறது. வண்ணத்துப்பூச்சிக்கு அந்தக் குளிர் இல்லை. அப்படியும் 1985இன் கார்வெட்டில் வெந்நீர் ஓடியது. கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆவியில் ஈரம் உண்டு. கடுங்குளிரில் அது தகட்டை ஒட்டவைத்துவிடும். திறந்த த்ராட்டில் மூடாமல் போவதை நினைத்துப் பாருங்கள்.

பலக் கணக்குக்கு வருவோம். காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி கூடுவது ஒரு சதவீதம்தான். அந்த கார்வெட்டின் 5.7 லிட்டர் எஞ்சின் முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 200 லிட்டர் காற்றை இழுக்கும். கண் இமைக்கும் முன்னே கடந்துபோகும் காற்று அந்தச் சுவரில் எவ்வளவு சூட்டை வாங்கிவிடும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பது என் கணக்கு.

உறைபனி இல்லாத ஊரில் கழற்றுவதால் பனி ஆபத்து வராது, உண்மைதான். ஆனால் பழைய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் த்ராட்டில் பாடியிலேயே ஒரு மெழுகு வால்வு இருக்கும். வெந்நீர் பட்டு மெழுகு விரிந்தால்தான் காலை நேர வேக ஐடில் இறங்கும். அங்கே குழாயைக் கழற்றினால் எஞ்சின் சூடேறிய பிறகும் இரைந்துகொண்டே நிற்கும். குழாய் விரிசல் விட்டிருந்தால் புதிதாக மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்லி வருகிறேன்.