தயவும் தண்ணீரும்

வேலணைத் தீவின் தென்கரையிலுள்ள சாட்டி என்றதும் வெளியூராருக்கு வெள்ளை மணற் கடற்கரையும் சிந்தாத்திரை மாதா கோயிலும் நினைவுக்கு வரும். தீவகத்தாருக்கு அது முதலில் நல்ல தண்ணீர். மணலில் பெய்த மழை கீழே இறங்கி, கனத்த உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாகத் தேங்குகிறது. கிணற்றை அளவுக்கு மீறி ஆழமாக்கினாலும் ஒரேயடியாக இறைத்தாலும் உவர் ஏறிவிடும். இத்தகைய மண்ணில் நல்ல கிணறு யாருடைய காணிக்குள் இருக்கிறது என்பது வெறும் சொத்து விஷயமல்ல; யார் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. யாழ்ப்பாணத்தின் சமத்துவ வரலாற்றை வாக்குரிமையிலிருந்தோ கோயில் கதவிலிருந்தோ தொடங்குவதே வழக்கம். கிணற்றடியிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உடம்புக்கு வேண்டியதும் உழைப்புக்கு உரியதும் இன்னொருவர் மனம்வைத்தால்தான் கிடைக்கும் என்ற நிலையை மாற்றாமல், அந்த மனத்தை இளக வைப்பதையே நாம் நெடுங்காலம் சமத்துவம் என்று எண்ணியிருந்தோம்.

குடாநாட்டிலும் தீவுகளிலும் ஒடுக்கப்பட்ட சாதியார் மற்றவர்களின் கிணற்றுக்கட்டில் கால்வைக்க முடியாதிருந்தது. குடத்தோடு எட்ட நின்று, உரிமையுள்ளவர் யாராவது வந்து துலாவை இழுத்து அள்ளி ஊற்றும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுத் தண்ணீர் அவர்கள் பாடு. ஒரு குடம் குடிக்கவும் உலை வைக்கவும் போதும். பிள்ளையைக் குளிப்பாட்டவும் பிரசவத் துணி அலசவும் மறு குடம் கேட்க வேண்டும். கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டது சும்மா அல்ல. ‘கேட்டவருக்கு ஊற்றாமல் விட்டதில்லையே’ என்று இதற்கு ஒரு பதில் உண்டு. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை ஊற்றுகிற கைதான் தீர்மானித்தது. அந்தக் கையைப் பகைத்துக்கொண்டு தோட்டத்தில் கூலியைக் கூட்டிக் கேட்க முடியுமா? தண்ணீர்க் குடமும் நாட்கூலியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதியின் பேரால் தடைபோடுவதைக் குற்றமாக்கியது. ஆனாலும் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1966 ஒக்ரோபர் 21 அன்று, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. தேநீர்க்கடைப் போராட்டமும் கோயில் நுழைவுப் போராட்டமும் மும்முரமானது அதற்குப் பிறகுதான்.

மருத்துவத்திலும் இதே கதைதான், சாதியோடு பாலும் சேர்ந்துகொண்டது. 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். பிரசவ மருத்துவ நூலொன்றையும் 1857இல் தமிழாக்கினார். பெரிய காரியம். ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் ஊர் மருத்துவிச்சிகள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட 1898 ஆயிற்று. அதற்கு மிஷனரிகளான லீச் சகோதரிகள் கடல்கடந்து நிதி திரட்டினார்கள். அந்த அறத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆயினும் கொடையில் எழும் மருத்துவமனை கொடையாளர் நினைத்த இடத்தில்தான் எழும். நெடுந்தீவுக் கர்ப்பிணிக்கு இணுவில் கடலுக்கு அப்பால். இன்றும் அவசர நோயாளி குறிகட்டுவானுக்குப் படகில் வந்துதான் பெரிய மருத்துவமனை காண வேண்டும். பல வேளைகளில் அந்தப் படகு கடற்படையினுடையது. உதவி உதவிதான். உரிமை என்றால் அந்தப் படகு யாரையும் கூப்பிடாமலே துறையில் நிற்க வேண்டும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு ஆண், பெண், சாதி பாராமல் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. அந்த யோசனை எழுந்தபோதே அதை எதிர்த்தவர்களில் பொன்னம்பலம் இராமநாதன் முன்னின்றார். வேடிக்கை என்னவென்றால், சமபந்தியையும் தீண்டாமை ஒழிப்பையும் பேசிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசே, முழுச் சுயராச்சியம் வேண்டுமென்று அந்த அரசியலமைப்பின்கீழ் நடந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஊர்காவற்றுறை உட்பட வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை காலியாகக் கிடந்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் முதன்முறையாக வாக்குக் கிடைத்த தீவுப் பெண்ணிடமோ சீவல் தொழிலாளியிடமோ கேட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை. தயவின் பிடி உண்மையில் தளர்ந்தது வேறொரு திசையில், 1970களில், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தபோது. கள்ளின் விலையும் விற்பனையும் சீவியவர்களின் சங்கத்துக்கு வந்ததும் காணிக்காரரின் முகம் பார்க்கும் அவசியம் குறைந்தது. அங்கும் ஒரு குறை ஒட்டிக்கொண்டது: தொழிலாளி என்றால் மரமேறுபவர் என்பதே கணக்கு. கருப்பநீர் காய்ச்சி, ஓலை வார்ந்து, பாயும் கடகமும் இழைத்த பெண்ணின் உழைப்பு வீட்டுவேலையாகவே எண்ணப்பட்டது.

இப்படிக் கணக்கில் விடுபடும் பால், பாலீர்ப்புச் சிறுபான்மையினர் பற்றிப் பேசினால், ‘இது மேல்நாட்டுச் சரக்கு’ என்ற மறுப்பு உடனே எழும். இறக்குமதியானது தண்டனைதான். 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின், தன்பாலுறவைத் தண்டிக்கும் 365ஆம், 365அ பிரிவுகள் இன்றும் நம் சட்டம். தொல்காப்பியமோ பேடியரை உயர்திணையில் வைத்தே இலக்கணம் சொல்கிறது. 1995இல் 365அ பிரிவு திருத்தப்பட்டபோது ‘ஆண்’ என்ற சொல் போய் ‘ஆள்’ என்று வந்தது. பெண்களும் அந்தக் குற்றத்துக்குள் வந்தார்கள். சட்டம் இருபாலாரையும் சமமாக நடத்திய விதம் இது! ‘எண்ணிக்கையில் சிலர்தானே’ என்பது இன்னொரு மறுப்பு. கைதுப் பயத்தில் மருத்துவரிடம் உண்மையை மறைப்பவர் எந்தக் கணக்கில் வருவார்? 2016இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை மூலம் திருநர்களுக்குப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தது. அதை வைத்து அடையாள அட்டையை மாற்றலாம், மாற்றிய அட்டையோடு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல முன்னேற்றம், ஆனால் சுற்றறிக்கை சட்டமல்ல, இன்னொரு சுற்றறிக்கையால் போகக்கூடியது. கையெழுத்திடும் மருத்துவரின் மனப்பாங்கும் அதில் கலந்திருக்கிறது, துலா பிடித்தவரின் மனப்பாங்கு அன்று கலந்திருந்தது போல. குற்றப் பிரிவை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது சட்டமாகாமலே 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது.