வண்டிவீட்டின் கூரைச் சாளரம்

அஸ்திவாரத்தின் மேல் அசையாமல் நிற்கும் வீட்டின் கூரையில் ஒரு திறப்பு வைத்து வெளிச்சத்தை உள்ளே வரவழைப்பது வேறு. மேடுபள்ளங்களில் குலுங்கி, வெயிலில் விரிந்து, பனியில் சுருங்கி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டின் கூரையில் அதே காரியத்தைச் செய்வது வேறு. இந்த வித்தியாசத்தை, வண்டிகளில் குடியிருந்த மேல்நாட்டு ஜனங்கள் மழையில் நனைந்தே கற்றுக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் ரோமானி மக்கள் கூடாரங்களை விட்டுக் குதிரைவண்டிகளில் குடியேறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அவ்வண்டிகளில் உயர்ந்த ரகமானவற்றின் கூரை நடுவே, நீளவாட்டில், பெட்டி போன்ற ஒரு மாடத்தை எழுப்பி, அதன் இரு பக்கங்களிலும் சிறு சிறு கண்ணாடிகளைப் பதித்திருப்பார்கள். 'மாலிகிராஃப்ட்' என்பது அதன் பெயர். கண்ணாடி மல்லாந்து கிடக்காமல் செங்குத்தாக நின்றபடியால் அதன்மேல் நீர் தேங்குவதற்கே இடமில்லை. இடுக்குகளை அடைக்க, ஆளிவிதை எண்ணெயும் சீமைச் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைந்த மக்கு போதுமானதாயிருந்தது. அந்த மக்கு நாளடைவில் கல்லாக இறுகி வெடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் குதிரையின் வேகத்துக்கு அது ஈடுகொடுத்தது.

1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 'வாண்டரர்' என்று பெயரிட்ட வண்டியொன்றைப் பிரிஸ்டல் நகரத்துப் பட்டறையில் செய்வித்து, பொழுதுபோக்காக ஊர்சுற்றக் கிளம்பினார். கடற்படை வைத்தியராக இருந்தவராதலால், அதைத் தரையில் ஓடும் உல்லாசக் கப்பல் என்றே அவர் அழைத்தார். அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. கப்பல் பலகைகளின் இடுக்கில் சணல் நாரைத் திணித்துக் கீல் பூசும் வேலையும் (நம் துறைமுகங்களில் இதைக் 'கலப்பற்று' என்பார்கள், போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல்), மரக்கூரையின் மேல் கித்தானை விரித்து ஈயவெள்ளை பூசும் ரயில்பெட்டித் தச்சர்களின் வழக்கமும், வண்டி கட்டுகிறவர்கள் எதிர்கொண்ட அதே பிரச்சினைக்குத்தான் விடை தேடின: அசைகிற இரண்டு பொருள்களுக்கு நடுவே நீர் புகாமல் காப்பது எப்படி?

மோட்டார் யுகத்தில் இந்தப் பிரச்சினை ஒரு தொழிலையே பிறப்பித்தது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த கிருமியியல் விஞ்ஞானி ஆர்தர் ஷெர்மன், குடும்பத்தோடு பிரயாணம் போவதற்காக 1929-இல் விரித்து மடிக்கக்கூடிய கூடார டிரெய்லர் ஒன்றை வாங்கினார். சில நிமிஷங்களில் நீர் புகாத அறையாக விரியும் என்று சொல்லி விற்கப்பட்ட அந்தச் சாதனம், முதல் பிரயாணத்திலேயே பெருமழையில் அவரையும் மனைவி மக்களையும் தொப்பலாக நனைத்துவிட்டது. கோபம் எல்லோருக்கும் வரும். ஷெர்மனோ தச்சரை அழைத்து, மேசனைட் என்னும் அழுத்திய மரப்பலகையால் கெட்டியான சுவர் வைத்த பெட்டி வண்டியொன்றைச் செய்வித்தார். குழந்தைகள் விளையாட்டாக அதற்கு இட்ட 'கவர்டு வேகன்' என்ற பெயரே கம்பெனியின் பெயராயிற்று. 1930-ஆம் வருஷத்து டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 1936-க்குள் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக டிரெய்லர் செய்யும் ஸ்தாபனம் அதுவே.

மற்றொரு கிளை ஆகாயத்திலிருந்து இறங்கி வந்தது. லிண்ட்பர்க் 1927-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய விமானத்தைக் கட்டிய தொழிற்சாலையில் வேலை பார்த்த ஹாலி பௌலஸ், 1934-இல் விமானத்தின் உடலைப் போலவே அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து டிரெய்லர் செய்தார். வாலி பையம் 1936-இல் வெளியிட்ட 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' அதன் வாரிசு. பார்வைக்கு வெள்ளிக்குமிழ் போன்ற இந்த வண்டிகளின் அழகில் மயங்கியவர்கள், ஒவ்வொரு ரிவெட்டும் ஒரு துவாரம் என்பதை மழைக்காலத்தில்தான் நினைவுகூர்ந்திருப்பார்கள்.

கண்ணாடியின் ஸ்தானத்தை அக்ரிலிக் கைப்பற்றியதற்கும் விமானமே காரணம். 1933-இல் ஜெர்மனியின் ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற பெயரைப் பதிவு செய்தது. யுத்தகாலத்தில் விமானிகளின் தலைக்கு மேல் குமிழாக வளைந்து நின்ற அந்தப் பொருள், பிற்பாடு குளிப்பவரின் தலை இடியாதிருக்கும்படி டிரெய்லர் குளியலறையின் மேல் கவிந்தது. கண்ணாடியைவிட லேசானது, எளிதில் நொறுங்காதது. ஆனால் வெப்பம் நாற்பது பாகை ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த இழுபறியில் திருகாணித் துவாரங்களிலிருந்து கீறல் கிளம்புகிறது. இறுகிப்போகும் மக்கு இங்கே பயன்படாது. என்றும் இறுகாத ஒட்டுப்பொருளே தேவை.

1937-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆராய்ச்சிச்சாலையில் தாமஸ், ஸ்பார்க்ஸ் என்ற இரு ரசாயனிகள் கண்டுபிடித்த பியூட்டைல் ரப்பர், முதலில் டயர்களின் உள்குழாய்க்குப் போயிற்று. பிறகு நாடாவாக உருவெடுத்து டிரெய்லர் கூரைக்கு வந்தது. பல ஆண்டுகள் மிருதுவாகவே இருப்பது அதன் விசேஷ குணம். பின்னர் கூரையே ஈபிடிஎம் என்னும் ரப்பர் விரிப்பாயிற்று. பழைய எண்ணெய் மக்கை அதன்மேல் அப்பினால் விரிப்பு உப்பிக் கெடும்.

ஒழுகும் சாளரத்தை மாற்றுகிறவர் இந்தச் சரித்திரத்தைத் தலைகீழாகச் சுரண்டி எடுக்கிறார் என்று சொல்லலாம். பழைய வண்டிகளில் மேலே சிலிக்கோன், அதன் கீழே தார், அதற்கும் கீழே பொடியாய்ப் போன மக்கு என்று, ஒவ்வொரு சொந்தக்காரரும் அவசரத்தில் பூசிய அடுக்குகள் படிந்திருக்கும். இவற்றில் சிலிக்கோனே பெரிய தொல்லை. அது பட்ட இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. விரிப்பு கிழியாதபடி பிளாஸ்டிக் கரண்டியால் மெல்லச் சுரண்டி, துடைத்து, திறப்பைச் சுற்றி பியூட்டைல் நாடாவை ஒட்டி, புதிய குமிழை வைத்து, எதிரெதிர் மூலைகளாகத் திருகாணிகளை முடுக்கி, நாடா விளிம்பில் பிதுங்கிய பின்பு, தானே பரவிச் சமமாகும் பசையை ஆணித்தலைகள் மறையும்படி ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே, திறப்பின் ஓரத்து மரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, விரல் உள்ளே அமிழ்ந்தால், அனுபவசாலி பசைக்குழலைக் கீழே வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்துவரப் போவார்.