வெட்கத்துக்கு ஓர் அளவுகோல்

ஹெயான் காலத்து ஜப்பானில் சக்கரவர்த்தியைக் காட்டிலும் செல்வாக்கு மிகுந்து விளங்கிய புஜிவாரா நோ மிச்சினாகா, 1016-ஆம் ஆண்டில், சில மாதங்களாகத் தீராத தாகம் கண்டிருப்பதையும், இரவும் பகலும் நீர் பருகியும் நா வறண்டு உடம்பு தளர்வதையும், ஆனால் சாப்பாடு மட்டும் குறையவில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல, அவரைக் கண்டிக்கத் தயங்காத உறவினரான சானெசுகே அதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இந்த லட்சணங்களைக் கொண்டே பிற்கால வைத்தியர்கள் அது நீரிழிவு என்று நிர்ணயித்தார்கள். 1994-இல் கோபே நகரில் சர்வதேச நீரிழிவு மகாநாடு கூடியபோது அந்தப் பிரபுவின் உருவத்தை இன்சுலின் படிகத்தோடு சேர்த்துத் தபால்தலையில் அச்சிட்டார்கள். வியாதியின் பொருட்டுத் தபால்தலை ஏறும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

சாமானிய நோயாளிக்கு வாய்த்தது வேறு. இன்சுலின் ஊசியை வீட்டில் தாமே போட்டுக்கொள்வதை ஜப்பானின் சுகாதாரக் காப்பீடு ஏற்றுக்கொண்டதே 1981-இல்தான். 1996-இல், அதுவரை நடுவயதின் வியாதிகள் என்று வகுக்கப்பட்டிருந்தவற்றை வாழ்க்கைப் பழக்கத்தின் வியாதிகள் என்று அரசாங்கம் மாற்றி வகுத்தது. வருமுன் காக்கும் நல்லெண்ணமே அதற்குக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், வயது ஏறுவது யார் குற்றமும் அன்று, பழக்கமோ அவரவர் தலையில் விடிவது. 2008 முதல் நாற்பது வயதைக் கடந்தவர்களின் இடுப்பை நாடா கொண்டு அளந்து, ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90 என்று வரம்பு கட்டியபோது, அந்தப் பொறுப்பு உடம்பின்மேலேயே எழுதப்பட்டது.

இடுப்பை அளந்தவர்களுக்கு, தன்னைத் தானே இழிவாக எண்ணும் மனத்தை அளக்கும் கருவி ஹாங்காங்கிலிருந்து கிடைத்தது. வின்னி மாக், ரெபெக்கா சியுங் என்னும் இருவர் 2010-இல் வெளியிட்ட 39 வாக்கியங்கள் கொண்ட அந்த அளவுகோல், மனநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள், சீனப் பெருநிலத்திலிருந்து குடியேறியவர்கள், தன்பால் நாட்டம் உடையவர்கள் ஆகியோரிடம் சோதித்து உருவாக்கப்பட்டது. அதை ஜப்பானிய மொழிக்குக் கொணர்ந்து, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் பரீட்சித்து, அசுகா காத்தோவும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்டனர். சர்க்கரை வியாதிக்காரர், ஊராரின் ஏளனத்துக்கு அஞ்சித் தம்மை மறைத்துக்கொண்டவர்களுக்காகச் செய்த கோலாலேயே அளக்கப்படத் தக்கவராக இருந்தார் என்பது, எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிலும் துக்கம் தருகிறது.

நோயாளி தம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார், அதனால் என்ன உணர்கிறார், அதன் பொருட்டு என்ன செய்கிறார் அல்லது செய்யாமல் ஒதுங்குகிறார் என்ற மூன்றையும் அந்த வாக்கியங்கள் விசாரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும், முற்றிலும் மறுப்பது முதல் முற்றிலும் உடன்படுவது ஈறாக, நான்கு படிகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஹோட்டல் கழிவறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொள்பவரின் இரத்தத்தை எத்தனை முறை சோதித்தாலும் அந்தக் கதவு அறிக்கையில் வராது. இத்தகைய கேள்விகளே அதைக் கிட்ட நின்று தட்டிப் பார்க்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2016-இல் வெளியான 19 வாக்கியங்களின் அளவுகோல், பிறர் வேற்றுமை காட்டுவதையும் பழி சுமத்துவதையும், நோயாளி தமக்குள்ளே தம்மைத் தாழ்த்திக்கொள்வதையும் தனித்தனியே கணக்கிடுகிறது. இந்தப் பாகுபாடு விவேகமானது.

தம்மைத் தாமே இழிவாக எண்ணுவோர் சிகிச்சையில் ஊக்கத்தோடு ஈடுபடுவது குறைகிறது என்பதை காத்தோ குழுவினரின் பிந்திய ஆராய்ச்சி காட்டியது. குற்றம் உணர்ந்தால் திருந்துவார் என்று நம்பி நோயாளியை அதட்டும் வைத்தியருக்கு, அவர்களுடைய அளவுகோல் அனுகூலமான சாட்சி சொல்லவில்லை.