டாக்டர் ஐடாவும் பெயர் தெரியாத மூன்று பெண்களும்

இன்னைக்கு எபிசோட் கொடைக்கானல்ல ஆரம்பிக்குது. ஆனா ஏரி, ஹோம்மேட் சாக்லேட், வட்டக்கானல் எதுவும் வராது. புத்தகங்களைப் பத்திப் பேசப்போறோம். மிஷனரிகளோட வாழ்க்கைக் கதைகள். கிறிஸ்தவ வீடுகள்ல பைபிளுக்குப் பக்கத்துல, அட்டை கிழிஞ்சு இருக்குமே, அந்த மாதிரிப் புத்தகங்கள். நான் சர்ச்சுக்குப் போறவன் இல்ல. வரலாறு தேடிப் போய் இதுல மாட்டிக்கிட்டேன். அதனால இது ஒரு வாசகனோட கருத்துன்னு மட்டும் எடுத்துக்கோங்க.

1960 மே மாதம். கொடைக்கானலில் ‘ஹில்டாப்’ என்ற பங்களாவில் 89 வயதான ஒரு அம்மா இறந்துபோகிறார். பெயர் ஐடா ஸ்கட்டர். வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கியவர். நம்ம வீடுகள்ல யாருக்காவது பெரிய நோய்னா, “பேசாம வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க”ன்னு யாராவது சொல்வாங்கல்ல? அந்த வேலூர். அவர் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னாடி, 1959இல், அமெரிக்காவில் ‘டாக்டர் ஐடா’ என்ற புத்தகம் வந்தது. எழுதியவர் டோரதி கிளார்க் வில்சன்.

அந்தப் புத்தகத்தைப் படிக்காதவங்களுக்குக்கூட அதுல வர்ற ஒரு ராத்திரி தெரிஞ்சிருக்கும். 1890களின் தொடக்கம், திண்டிவனம். ஐடாவுக்கு இருபதை ஒட்டிய வயசு. அப்பா மிஷனரி டாக்டர். ஐடாவுக்கு இந்தியாவில் தங்கவே விருப்பமில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துக்கொள்ள வந்தவர், எப்போது அமெரிக்கா திரும்புவோம் என்று இருக்கிறார். அன்று ராத்திரி ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கல். ஐடா, “அப்பா டாக்டர்தான், அவரைக் கூட்டிட்டு வரேன்” என்கிறார். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்க வாங்க என்கிறார்கள். அவருக்கோ மருத்துவமே தெரியாது. விடிந்தால் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி. ஐடா டாக்டருக்குப் படிக்க முடிவெடுக்கிறார்.

படிச்சா உடம்பு சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. அப்புறம்தான் வேற ஒரு கேள்வி வந்தது. அந்த மூணு பொண்ணுங்க பேர் என்ன?

நான் பார்த்த எந்த வடிவத்திலும் அந்தப் பெயர்கள் இல்லை. அவர்களில் ஒருத்திக்கு, சிறுமி என்றே சொல்ல வேண்டிய வயசு. கதை முழுக்க அவங்க சாவு மேலதான் நிக்குது. ஆனா கதைக்குள்ள அவங்களுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.

இதை வில்சன் மேல மட்டும் பழியா போட முடியாது. இந்தக் கதையை முதலில் சொன்னது ஐடாவே. அமெரிக்க சர்ச்சுகளில், பணம் திரட்டும் கூட்டங்களில், திரும்பத் திரும்பச் சொன்னார். வில்சன் அதைக் காட்சியாக்கினார். அவங்க அடிப்படையில் நாடக ஆசிரியர், சர்ச்சுகளில் போடும் நாடகங்கள் நிறைய எழுதியவர். இன்னொரு சுவாரஸ்யம்: 1956இல் வந்த ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்துக்குப் பயன்பட்ட நாவல்களில் ஒன்று அவருடையது. அப்போ கதவு தட்டுற சத்தம் அவ்வளவு துல்லியமா கேக்குறதுல ஆச்சரியம் இல்ல.

நம்ம வேலையில ஒரு சர்வர் விழுந்தா ‘ரூட் காஸ்’ என்னன்னு ரிப்போர்ட் எழுதச் சொல்வாங்க. ஒரே ஒரு காரணம் எழுதினா மேனேஜருக்குப் பிடிக்கும். ஆனா நிஜத்துல அது எப்பவும் பத்துக் காரணம் சேர்ந்ததா இருக்கும். இந்த வகைப் புத்தகங்கள் அந்த ரிப்போர்ட் மாதிரி. ஒரு வாழ்க்கைக்கு ஒரு ராத்திரி. அதே சமயம், அந்தக் கதை வேலை செஞ்சது. ஐடா 1899இல் கார்னெல்லில் மருத்துவம் முடித்தார். நியூயார்க் வங்கிக்காரர் ஒருவர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. 40 படுக்கைகள். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கதைதான் இங்கே முதலீடு. அந்த மூணு பொண்ணுங்க பேரில்லாம போனதும் அதே கணக்குல வருது. பணம் கொடுக்குறவருக்கு அந்தப் பேர் தேவைப்படல. எனக்கு இந்த ரெண்டும் சேர்ந்தே மனசுல நிக்குது.

இந்தக் குடும்பத்தோட கதையே ஒரு சின்னப் புத்தகத்துலதான் ஆரம்பிக்குதுங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கட்டர், நியூயார்க்கில் நல்லா ஓடிக்கொண்டிருந்த டாக்டர். ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போனபோது அங்கே கிடந்த ஒரு மிஷன் துண்டுப் பிரசுரத்தைக் கையில் எடுத்தார். படித்தார். கிளினிக்கை மூடிவிட்டு 1819இல் கப்பல் ஏறினார். முதலில் யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு, பிறகு 1836இல் சென்னை. அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அந்தக் குடும்பத்தில் ஏகப்பட்ட பேர் இங்கே மிஷனரிகளாக வேலை பார்த்தார்கள். ஒரு பிரசுரத்துக்கு இதைவிட என்ன ‘ரீச்’ வேணும்?

ஆனா அதே தாத்தா தானும் எழுதினார், அமெரிக்கக் குழந்தைகளுக்கு. 1849இல் வந்த ஒரு கதைப் புத்தகம் இருக்கு. அதைப் படிச்சு எனக்கு நல்லா கோபம் வந்தது. நம்ம ஆளுங்க எல்லாரும் இருட்டுல கிடக்குற மாதிரியும், காசு அனுப்புற குழந்தை அவங்களைக் காப்பாத்துற மாதிரியும் இருக்கும். ஒரு மனுஷன் இங்கே வெயிலில் நின்று நோயாளி பார்த்ததும் உண்மை, அந்த நோயாளிகளைப் பற்றி அங்கே அப்படி எழுதியதும் உண்மை. இந்த வகைப் புத்தகம் படிக்கிறவங்க ரெண்டையும் சேர்த்தே படிச்சாகணும்.

சரி, கொடைக்கானலுக்கு ஏறுவோம். இந்தப் புத்தகங்கள்ல கொடைக்கானல் ஓய்வெடுக்குற இடம். ஆனா அது உருவான காரணம் ஓய்வு இல்ல, பயம். மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையில் இன்னும் உயரமாக ஏறி, 1845இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள்.

எப்படி ஏறினார்கள்? பெரியகுளம் பக்கத்தில் அடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து மலைப்பாதை. குதிரையில் போகலாம், நடக்கலாம். இல்லையென்றால் டோலி. அதாவது நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். 1875இல் அம்மையநாயக்கனூர் வரைக்கும் ரயில் வந்துவிட்டது, இப்போ ‘கொடைக்கானல் ரோடு’ என்று போர்டு இருக்கும் ஸ்டேஷன்தான் அது. ஆனாலும் மலை மேல் போக டோலிதான். 1910களில் லாஸ் காட் ரோடு போட்ட பிறகுதான் கார் ஏறியது. அப்போ சுமார் எழுபது வருஷம், கொடைக்கானல் போன பெட்டி, பியானோ, குழந்தை, நோயாளி, எல்லாமே யாரோ ஒருத்தர் தோள்ல ஏறிப் போனதுதான். அந்தத் தோளுக்குச் சொந்தக்காரங்க பேரும் புத்தகத்துல இல்ல. ‘கூலிகள்’னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இந்த மலையடிவாரத்துலயே இன்னொரு புத்தகம் இருக்கு. யாரும் இப்போ படிக்கிறதில்ல. டேவிட் கோய்ட் ஸ்கட்டர். அதே குடும்பப் பெயர்தான், ஆனா இவர் பாஸ்டன்காரர், ஐடாவின் தாத்தா வீட்டு ஆள் இல்லை. 1861இல் வந்தார், பெரியகுளத்தில் போட்டார்கள். 1862 நவம்பரில் வைகையில் வெள்ளம், ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிப்போனார். வயது 27. என் வயசுன்னே வெச்சுக்கோங்களேன். 1864இல் அவருடைய தம்பி ஹொரேஸ், அண்ணனின் கடிதங்களைச் சேர்த்து வாழ்க்கை வரலாறாகப் போட்டார். அந்தத் தம்பிதான் பின்னாளில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

எனக்கு வில்சனோட புத்தகத்தைவிட இந்தப் புத்தகத்து மேல நம்பிக்கை அதிகம். காரணம் ரொம்ப சிம்பிள். இதுல சாதிச்சுக் காட்ட எதுவும் இல்ல. ஆஸ்பத்திரி கட்டல, காலேஜ் கட்டல. தமிழ் கத்துக்கிட்டாரு, ஊருக்கு வந்தாரு, செத்துட்டாரு. கடிதம் எழுதும்போது அவருக்குத் தன் முடிவு தெரியாது. அதனால ஒவ்வொரு வரியையும் முடிவைப் பார்த்து வளைக்கிற வேலை அதுல நடக்கல.

ஐடா கதையிலும் எனக்குப் பிடிச்ச பகுதி அந்த ராத்திரி கிடையாது. 1938க்குப் பிறகு நடந்தது. டிப்ளமா அளவில் மருத்துவம் சொல்லித்தரும் பள்ளிகள் இனி வேண்டாம், எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் விதி மாறியது. அதற்குத் தேவையான படுக்கைகளும் பட்டம் பெற்ற பேராசிரியர்களும் வேலூரில் இல்லை. இருபது வருஷம் நடத்திய பள்ளி மூடப்படும் நிலை. எழுபது வயசில் ஐடா அமெரிக்கா போய், போர் நடக்கும் காலத்தில், ஊர் ஊராகப் பணம் கேட்டுப் பேசினார். அதற்குள் இன்னொரு சண்டை: ஆண் மாணவர்களையும் சேர்த்தால் மற்ற மிஷன்களின் பணமும் வரும், பள்ளி பிழைக்கும். பெண்களுக்காக என்று பல வருஷம் நிதி திரட்டிக் கொடுத்த லூசி பீபாடி இதை எதிர்த்தார். ஐடா சேர்க்கலாம் என்ற பக்கம் நின்றார். பழைய நட்பு உடைந்தது. 1947இல் ஆண்கள் சேர்ந்தார்கள். முதல் இந்திய இயக்குநராக டாக்டர் ஹில்டா லாசரஸ் வந்தார். ஐடா கொடைக்கானலுக்கு ஓய்வுக்குப் போனார்.

கூட்டத்துல சொல்லிக் கைதட்டு வாங்குற கதையா இது? இல்ல. டெமோ முடிஞ்சப்புறம் வர்ற மெயின்டெனன்ஸ் வேலை. ஆனா இன்னைக்கு வேலூர்ல அந்தக் கட்டடம் திறந்திருக்குதுன்னா அதுக்கு இதுதான் காரணம்.

ஹில்டா லாசரஸைப் பத்தி வில்சன் புத்தகம் எழுதல. ஆனா 1963இல் ஒரு நல்ல காரியம் செஞ்சாங்க. ‘டேக் மை ஹேண்ட்ஸ்’. கதாநாயகி மேரி வர்கீஸ், கொச்சிப் பக்கத்து மலையாளி, வேலூரில் படித்த டாக்டர். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். இதுலயும் நாடகம் உண்டு, சிலிர்ப்பு உண்டு. ஆனா அடிபட்டவங்களுக்கு இங்கே பேர் இருக்கு. கோபம் இருக்கு. சாகணும்னு நினைச்ச நாட்கள் இருக்கு. புத்தகம் வந்தப்போ அவங்க உயிரோட, வார்டுல வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

எதை முதல்ல படிக்கலாம்னு கேட்டீங்கன்னா, நான் அதைத்தான் சொல்வேன். ‘டாக்டர் ஐடா’வை ரெண்டாவதா எடுங்க, எடுத்தா நடுவுல நிறுத்திடாதீங்க, கடைசி நூறு பக்கம் வரைக்கும் போங்க. டேவிட் கோய்ட் ஸ்கட்டர் புத்தகம் பழசு, இணையத்துல தேடினா கிடைக்கும். அடுத்த எபிசோட்ல லாஸ் காட் ரோடு போட்ட கதை. பார்ப்போம்.