மடிக்கணினி ஏன் சூடாகிறது, மாமா?



2006ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறை. பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கும் என் அக்காள் மகன், கொமுட்டர் இரயிலேறிக் கிள்ளானில் உள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தான். நான் தவணை முறையில் வாங்கிய மடிக்கணினியில் அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தைத் தட்டச்சு செய்துவிட்டு, உணவருந்தச் சென்றேன். திரும்பி வந்தபோது திரை இருண்டு கிடந்தது. அடிப்பாகமோ தொட முடியாத சூடு. மெத்தையின்மேல் வைத்துக் கார்ப் பந்தய விளையாட்டு ஆடியிருக்கிறான்! அரைநாள் உழைப்பு போயிற்று. சேமித்து வைக்காத பிழை என்னுடையதுதான். ஆயினும் அவனைக் கடிந்துகொண்டேன்.

சற்று நேரம் தலைகுனிந்து நின்றவன் கேட்டான்: "நீங்கள் தட்டச்சு செய்யும்போது சூடாகாத கணினி, நான் விளையாடும்போது மட்டும் ஏன் சூடாகிறது, மாமா?"

ஆசிரியனாகிய எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிப் போன இடத்தில் ஒரு வரலாறே கிடைத்தது. அதனைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

எழுத்து வேலைக்கு வந்த பொறி

அலுவலக மேசைக்கணினி விளையாட்டுக்கென உருவாக்கப்பட்டதன்று. 1980களில் நிண்டெண்டோ போன்ற விளையாட்டுப் பொறிகளில் படங்களை வழுக்கிச் செல்ல வைப்பதற்கெனத் தனிச் சில்லுகள் இருந்தன. அலுவலகக் கணினியில் அத்தகைய வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் புதிதாக வரைய வேண்டியிருந்ததால் படம் வெட்டி வெட்டி நகர்ந்தது.

1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கார்மாக் என்ற இளைஞர் இதற்கு வழி கண்டார். திரையில் மாறிய சிறு கட்டங்களை மட்டும் மீண்டும் வரைந்தால் போதுமன்றோ? அந்த உத்தியில் பிறந்த 'கமாண்டர் கீன்' விளையாட்டு அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது.

அவரும் நண்பர்களும் 1993 டிசம்பரில் வெளியிட்ட 'டூம்', தனி வரைகலைச் சில்லு இன்றி, மையச் செயலியின் கணக்கிடும் திறனை மட்டுமே நம்பி முப்பரிமாணக் காட்சியை வரைந்தது. கணினி திணறினால் ஒரு பொத்தானை அழுத்தி ஆட்டக் காட்சியின் அளவைச் சுருக்கிக்கொள்ளலாம். நுணுக்கத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இன்று நம் பிள்ளைகள் விளையாடும்முன் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் குறைக்கிறார்களே, அதன் முன்னோடி இதுவே.

பிரிந்த பாதை

1996இல் 'வூடூ', 1999இல் 'ஜீஃபோர்ஸ் 256' ஆகிய வரைகலை அட்டைகள் வந்தபின் நிலைமை மாறியது. படம் வரையும் சுமை தனிச் சில்லுக்குப் போயிற்று. மேசைக்கணினி வைத்திருந்தவர்கள் அட்டையை வாங்கிச் செருகிக்கொண்டனர். பெரும்பாலான மடிக்கணினிகளிலோ அதற்கு இடமில்லை. மலிவான மடிக்கணினியில் இருந்த வரைகலைச் சில்லு, தனக்கென நினைவகம் இன்றி, கணினியின் பொது நினைவகத்தைக் கடன் வாங்கிப் பிழைத்தது. 2004இல் வந்த இன்டெல் ஜி.எம்.ஏ. 900 சில்லு, உருவங்களின் முனைகளைக் கணக்கிடும் வேலையை மையச் செயலியின் தலையிலேயே சுமத்தியது.

அக்காலத்துக் கோலாலம்பூரை நினைத்துப் பாருங்கள். 1999இல் திறக்கப்பட்ட லோ யட் பிளாசா, கணினிப் பித்தர்களின் சந்தையாகியிருந்தது. 2003இல் மோனோரயில் ஓடத் தொடங்கியபின், பிரிக்ஃபீல்ட்ஸ் இளைஞர்கள் துன் சம்பந்தன் நிலையத்தில் ஏறி, இம்பியில் இறங்கி அங்கே சென்றனர். வசதியுள்ளவர் அட்டை வாங்கினர். இல்லாதவர் மணிக்கணக்கில் காசு கொடுத்துச் சைபர் கஃபேயில் ஆடினர்.

அதே 2003ஆம் ஆண்டில்தான் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அப்பாட ஆசிரியர்களுக்கு அரசு மடிக்கணினி வழங்கியது. பல ஆசிரியர் இல்லங்களுக்குள் மடிக்கணினி நுழைந்தது இவ்வழியேதான். மீண்டும் எழுத்து வேலைக்கு வந்த பொறி; மீண்டும் அதைச் சுற்றி விளையாட ஏங்கும் பிள்ளைகள்!

இந்த ஏக்கம் உலகெங்கும் இருந்தது. 2006இல் 'ஒப்லிவியன்' என்ற விளையாட்டு பழைய வரைகலைச் சில்லுகளில் ஓட மறுத்தபோது, 'ஓல்டுபிலிவியன்' என்ற இணைப்பை ஆர்வலர்கள் உருவாக்கி அதனை ஓட வைத்தனர். ஒளியும் நிழலும் மங்கின. ஆனால் ஆட்டம் நடந்தது.

மருமகனுக்கான விடை

தட்டச்சு செய்யும்போது செயலி பெரும்பாலான நேரம் ஓய்வில் இருக்கிறது. விளையாடும்போதோ செயலியும் வரைகலைச் சில்லும் ஒருசேர முழுமூச்சாக உழைக்கின்றன. பயன்படுத்தும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. மெல்லிய உடலுக்குள் ஒரு சிறு விசிறிதான் அதனை வெளியேற்ற வேண்டும். வெப்பம் 100 பாகையை நெருங்கும்போது செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆட்டம் திடீரெனத் தள்ளாடுவதற்கு இதுவே காரணம். அதனையும் மீறினால் கணினி தன்னைக் காக்கத் தானே அணைந்துவிடும். மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். கிள்ளானின் நண்பகல் வெயிலைச் சொல்லவே வேண்டா!

எனவே மடிக்கணினியைக் கெட்டியான மேசைமேல், பின்புறம் சற்றே உயர்த்தி வையுங்கள். திரையை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்தால், வரைய வேண்டிய புள்ளிகள் 2,073,600இலிருந்து 921,600 ஆகிவிடும். சுமை பாதிக்கும் கீழ். நொடிக்கு 60 படங்களுக்குப் பதில் 30 என வரம்பிட்டால் சூடும் தணியும். நினைவகத்தை ஒரே அட்டையாகப் போடாமல் இரண்டாகப் போட்டால், பொது நினைவகத்தை நம்பியிருக்கும் வரைகலைச் சில்லுக்குப் பாதை அகலமாகும். 2021இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். நுட்பமும் இவ்வழிப்பட்டதே: சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது. சில விளையாட்டுகள் எவ்வளவு குறைத்தாலும் ஓடா. அதையும் பிள்ளை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஒரு கணினி

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ அடுக்குமாடி வீடுகளில் ஒரே கணினி வகுப்பறையாகவும் அலுவலகமாகவும் ஆடுகளமாகவும் இருந்தது. 2021இல் செர்டிக் திட்டத்தின்வழி குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கப்பட்டன. படிப்பதற்கென வந்த அத்தகைய கருவியைக் கனமான விளையாட்டால் வாட்டுவது முறையன்று. அது பழுதானால் மறுநாள் பாடமே நின்றுபோகும். தொடர் வெப்பம் மின்கலத்தின் ஆயுளையும் குறைக்கும். இதில் பெற்றோர் கண்டிப்புடன் இருத்தல் வேண்டும்.

ஆயினும், கண்டிப்பதற்கு முன் பிள்ளையின் கேள்வியைக் கேளுங்கள். 'இது போதாது, விளையாட்டுக்கென வேறு மடிக்கணினி வேண்டும்' என்று அவன் அடம்பிடித்தால், உடனே ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை எடுத்து வைக்கவும் வேண்டா. 'விளையாட்டே கூடாது' எனக் கதவடைக்கவும் வேண்டா. இருக்கும் கணினியில் எதைக் குறைத்தால் எது நடக்கிறது என்று அவனையே ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள்.

அன்று நான் கடிந்துகொண்ட பிள்ளை, மறுநாள் இரண்டு அழிப்பான்களை மடிக்கணினியின் பின்புறத்தில் முட்டுக்கொடுத்து வைத்தான். விசிறியின் இரைச்சல் குறைந்தது. அறிவியல் பாடத்தில் வெப்பம் பற்றிக் கற்பிக்கும் போதெல்லாம் அந்த இரண்டு அழிப்பான்களைத்தான் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லி வருகிறேன்.