திரையில் யிட்டிஷ்: ஒரு நாவலும் ஒரு படமும்

யூத வாழ்வைத் திரையில் உள்ளவாறு காட்டுவது என்றதும் தொப்பி, தாடி, மெழுகுவர்த்தி முதலியனவே பலர்க்கும் நினைவில் எழுகின்றன. எனினும் யார், யாரிடம், எம்மொழியில் பேசுகிறார் என்பதே இதில் அடிப்படை வினாவாகும்.

ஆபிரகாம் கஹான் 1896இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'யெக்ல்' என்னும் குறுநாவல், நியூயார்க்கில் குடியேறிய ருஷ்ய யூதர்களைப் பற்றியது. மாந்தர்தம் யிட்டிஷ் உரையாடலை அவர் செம்மையான ஆங்கிலத்தில் தந்தார். அதனூடே அவர்கள் கலந்து பேசிய ஆங்கிலச் சொற்களைச் சாய்வெழுத்தில், சிதைந்த ஒலிப்புடன் அச்சிட்டார். இதனால் தாய்மொழி இயல்பானதாகவும், ஆங்கிலம் அயலானதாகவும் வாசகர்க்குத் தோன்றுகின்றன.

இக்கதையை ஜோன் மிக்லின் சில்வர் 1975இல் 'ஹெஸ்டர் ஸ்ட்ரீட்' எனப் படமாக்கினார். உரையாடலின் பெரும்பகுதி யிட்டிஷிலேயே அமைய, ஆங்கிலத் துணைத்தலைப்புகள் பொருளுணர்த்தின. யெக்ல் அங்கு ஜேக் ஆகிறான். மகன் யோசெலேயை ஜோயி ஆக்குகிறான். பின்னர் வந்து சேரும் மனைவி கிட்லுக்கோ யிட்டிஷே உலகம். கணவன் மனைவியரிடையே நேரும் விலகலை இம்மொழி வேறுபாடே புலப்படுத்துகிறது. இத்தகைய படத்தைப் பெயர்ப்பவர் இருமொழிகளையும் ஒரே நடையில் தந்தால் கதை விளங்கும், விலகல் மறையும்.

2020இல் வெளிவந்த 'அன்ஆர்த்தடாக்ஸ்' தொடரில் எலி ரோசன் வசனங்களை யிட்டிஷில் பெயர்த்து, நடிகர்களுக்குப் பயிற்சியளித்து, ரபியாகவும் நடித்தார். படம் முடிந்தபின் அழைக்கப்படும் மொழிபெயர்ப்பாளரால் இப்பணியைச் செய்திருக்க இயலாது. வசனம் உருவாகும் நிலையிலேயே அவருக்கு இடமளிப்பது இன்றியமையாதது.