'போர்மட்' எண்ட சொல்லின்ர கதை

"போர்மட் அடிச்சாலும் உள்ளுக்குக் கிடந்ததைத் திருப்பி எடுக்கலாம்" எண்டு கொம்பியூட்டர் தெரிஞ்ச அண்ணாமார் சொல்லக் கேட்டிருப்போம். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதை உண்மையாக இருந்தது ஒரு காலத்தில்.

முதலில் போர்மட் என்பது வெறும் தட்டில் கோடு போடுகிற வேலை. இண்டைக்கு நாங்கள் சீகேட் எண்டு அறிந்த கம்பனி 1980இல் கொண்டுவந்த வன்தட்டின் கொள்ளளவு வெறும் 5 மெகாபைட். அந்த வகைத் தட்டுகளில் தடங்களையும் பிரிவுகளையும் பொருத்துகிறவரே எழுத வேணும். திரும்ப எழுதினால் பழையது போய்விடும்.

பிறகு அந்தக் கோடுகளைத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பத் தொடங்கினார்கள். டொஸ் காலத்துப் போர்மட் வன்தட்டில் செய்தது, எந்தக் கோப்பு எங்கே கிடக்கு எண்டு சொல்லும் அட்டவணையைப் புதிதாக்கியது மட்டும்தான். புத்தகத்தின்ர பொருளடக்கத்தைக் கிழிச்ச மாதிரி. பக்கங்கள் அப்படியே இருக்கும். 1991இல் வந்த எம்எஸ்-டொஸ் 5இல் 'அன்போர்மட்' எண்டே ஒரு கட்டளை இருந்தது! விண்டோஸ் எக்ஸ்பியின் முழுப் போர்மட்கூட பழுதான இடங்களைத் தேடியதே தவிர, தரவில் கை வைக்கவில்லை. அண்ணாமாரின் நம்பிக்கை இந்தக் காலத்துச் சொத்து.

2007இல் விஸ்டா வந்தது. முழுப் போர்மட் இப்போது தட்டு முழுக்கப் பூச்சியம் எழுதும். ஆனால் திரையில் அதே பெட்டி, அதே பொத்தான். 'குவிக் போர்மட்'டுக்குப் பக்கத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் எல்லாம் முடிஞ்சுது. இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பயனருக்குச் சத்தமில்லாமல் செய்தது சரியில்லை என்பதே எங்கள் எண்ணம்.

2009இல் விண்டோஸ் 7 'ட்ரிம்' கட்டளையையும் கொண்டுவந்தது. அதன்பின் எஸ்எஸ்டியில் குவிக் போர்மட்டையும் நம்ப ஏலாது. வெறுமையான இடங்களை எஸ்எஸ்டி தானாகவே துப்புரவாக்கிவிடும்.

ஆகவே போர்மட்டுக்கு முதல் வேறொரு தட்டில் பிரதி எடுங்கோ. எடுத்த பிரதியில் நாலைஞ்சு கோப்பை, முக்கியமாகப் பெரிய வீடியோக்களை, திறந்தும் பாருங்கோ. தவறிப் போர்மட் பண்ணியிருந்தால் அந்தத் தட்டில் ஒண்டும் புதிதாக எழுத வேண்டாம். மீட்கும் மென்பொருளைக்கூட வேறு தட்டில்தான் நிறுவ வேணும். 'டிக் டிக்' எண்டு சத்தம் போடுகிற ஹாட் டிஸ்க்கை உடனே நிற்பாட்டுங்கோ. அது போர்மட்டால் திருந்துற வருத்தமில்லை.